கயிறு கட்டும் நேரத்துக்கும் பேர் போடு

(தோட்டக் கமிட்டிகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும் லொறித் தம்பிமார்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும். இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது. நீங்கள் பின்னால் நின்றால் நாங்கள் யாரைப் பார்த்துப் பேசுவது?

இந்த மேடையில் வழக்கமாகச் சம்பளம் பேசுவோம், காணி பேசுவோம், வீடு பேசுவோம். இன்றைக்குக் கயிறும் படங்கும் பற்றிப் பேசப் போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியபோது சிலர் சிரித்தார்கள். "வாத்தியாருக்குப் பேச விசயம் முடிஞ்சு போச்சு" என்று ஒரு மாமா சொன்னாராம். அவர் இங்கேதான் இருக்கிறார். மாமா, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதுவும் கடைசியில் சம்பளத்தில்தான் வந்து நிற்கும்.

கோவிலுக்குக் கீழே இருக்கும் வளைவு எல்லோருக்கும் தெரியும். மேல் டிவிசன் பிள்ளைகள் பாடசாலைக்கு வருவது அந்த வழியாகத்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒரு லொறி வந்தால் நடந்து போகிறவர் மேட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். போன தவணையில் ஒரு காலை, பெக்டரிக்கு விறகு ஏற்றிக்கொண்டு வந்த லொறி அந்த வளைவில் திரும்பியபோது மேலே இருந்த ஒரு விறகுக் கட்டை உருண்டு விழுந்தது. எங்கள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. 1990க்கு அழைத்து அம்பியூலன்ஸ் வரும்வரை அவனுடைய அம்மாயி தன் படங்கை அவிழ்த்து அவன் கால்மேல் போட்டுக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது பாடசாலைக்கு வருகிறான். ஆனால் லொறிச் சத்தம் கேட்டால், அது எவ்வளவு தூரத்தில் வந்தாலும், புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு மண்மேட்டில் ஏறி நின்றுவிடுகிறான். லொறி வராமல் வேறு பக்கம் திரும்பிப் போனாலும் இறங்குவதில்லை. யாராவது போய்க் கையைப் பிடித்து இறக்க வேண்டும். வகுப்பில் இருக்கும்போது லொறி போனால் எழுதுவதை நிறுத்திவிடுகிறான். நாங்கள் பார்க்காதது போல் இருக்கிறோம்.

அன்றைக்குப் பின்னேரம் கமிட்டியிலிருந்து நான்கு பேராகப் போய் அந்த லொறியைப் பார்த்தோம். சாரதியைக் கேட்டோம். "கட்டுறது ஏத்துற ஆளோட வேலை" என்றார். ஏற்றிய தம்பிமாரைக் கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் போனோம். "விறகு தோட்டத்து விறகு, அவங்ககிட்டக் கேளுங்க" என்றார். ஒபீசுக்குப் போனோம். "லொறி ஒப்பந்தக்காரருடையது" என்றார்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகு, எங்கள் பகுதியில் தோட்டத்துக்குச் சொந்தமான லொறிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. விறகு ஒருவருடைய லொறியில் வருகிறது, கொழுந்து இன்னொருவருடைய லொறியில் போகிறது. லொறி கை மாறியபோது பொறுப்பும் எங்கேயோ விழுந்துவிட்டது. அதைப் பொறுக்கி எடுக்க யாரும் குனிவதில்லை.

அந்த லொறியில் கயிறு இருந்ததா என்று பார்த்தோம். சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால், மடித்து, கொஞ்சம்கூடப் பிரிபடாமல் ஒரு நைலோன் கயிறு கிடந்தது. புதுக் கயிறு. விலை ஒட்டிய துண்டுகூடக் கிழியவில்லை.

கயிறு இல்லாததால் அந்தக் கட்டை விழவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கயிறு இருந்தும் ஏன் கட்டவில்லை? இதை மெதுவாகத்தான் விசாரிக்க முடிந்தது. அந்தத் தம்பிமார்களில் ஒருவர் எங்கள் பழைய மாணவர். இரண்டு நாள் கழித்து இரவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சேர், எங்களுக்கு லோட் கணக்குத்தான் காசு. மூணு லோட் அடிச்சாத்தான் வீட்டுக்கு ஏதாச்சும் மிஞ்சும். கயிறு போட்டு இறுக்க இருவது நிமிசம், அவுக்கப் பத்து நிமிசம். மூணு லோடுக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க."

போட்டுப் பார்த்தோம். ஒன்றரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு யாரும் பேர் போடுவதில்லை. அதற்குச் செக்ரோலில் இடமில்லை. லோட் கணக்கிலும் இடமில்லை. கட்டினால் மூன்றாவது லோட் போகாது. கட்டாவிட்டால் போகும். அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. கட்டை விழுந்த அன்று பையனைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே "கவனமாக இருங்கள்" என்று அவருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போவதற்கு நாங்கள் வரவில்லை. இது கூலிப் பிரச்சினை. மாமா, இப்போது விளங்குகிறதா?

சரி, கட்டுவதால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பாடசாலைப் பாணியில் பார்ப்போம். பழக்கதோசம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு விளையாட்டுக் காட்டுவோம். கொப்பியின் மேல் அழிறப்பரை வைத்து, கொப்பியை மேசையில் வேகமாகத் தள்ளிச் சட்டென்று நிறுத்துவோம். கொப்பி நின்றுவிடும், அழிறப்பர் நிற்காது. அது போய் முன்னால் இருக்கும் பிள்ளையின் மடியில் விழும். லொறி பிரேக் போடும்போது லொறிதான் நிற்கிறது. சுமைக்கு யாரும் பிரேக் போடவில்லை. அது போன வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். வளைவில் திரும்பும்போது நேராகப் போகப் பார்க்கும். நமது பாதைகளிலோ வளைவும் பிரேக்கும் தவிர வேறென்ன இருக்கிறது?

பிரித்தானியாவில் லொறிச் சாரதிகளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுமையைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு, முன்பக்கமாக அந்தச் சுமையின் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் பாதிப் பாரத்தைத் தாங்க வேண்டும். அதாவது இரண்டு தொன் விறகு ஏற்றினால், பக்கத்தில் இருக்கும் பலகையும் கயிறும் சேர்ந்து ஒரு தொன் தள்ளினாலும் கொடுக்காமல் நிற்க வேண்டும். நமது லொறிகளின் பக்கப் பலகையை ஒருமுறை காலால் உதைத்துப் பாருங்கள். சிலவற்றைக் கம்பியால் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பச்சை டர்பன்டைன் கட்டை, நாலடி நீளம், ஒன்பது அங்குலத் தடிப்பு. அது ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். ஒரு உர மூட்டை. அது எட்டடி உயரத்திலிருந்து விழுந்தால், நிலத்தைத் தொடும்போது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும். லொறியின் வேகத்தை இதில் சேர்க்கவில்லை. அந்தப் பையனின் கால் இருந்த இடத்தில் தலை இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கூட்டம் வேறு கூட்டமாக இருந்திருக்கும்.

கயிறு வேறு, படங்கு வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விறகுக்கு மேல் படங்கைப் போட்டு மூடிவிட்டு "கவர் பண்ணியாச்சு" என்கிறார்கள். படங்கு விறகைப் பிடிக்காது. மழைக்கும் காற்றுக்கும்தான் படங்கு. மணல், சல்லி, டொலமைட், சாணி உரம், கொழுந்து போல உதிரியாக இருப்பவை பறக்காமல், சிந்தாமல் இருக்க அது வேண்டும். கட்டை, குழாய், இரும்பு, தகரம், மூட்டை போல ஒரே பாரமாக இருப்பவற்றுக்குக் கயிறோ சங்கிலியோ வேண்டும். சில சுமைக்கு இரண்டுமே வேண்டும்.

விறகு ஏற்றும் தம்பிமாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டைகள் பக்கப் பலகையின் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. நமக்கு எல்லாத் தொல்லையும் அந்தக் கடைசி இரண்டு வரிசையால்தான் வருகிறது. தடித்த கட்டை அடியில், மெல்லியது மேலே. ஒவ்வொரு வரிசைக் கட்டையையும் கயிறு குறைந்தது இரண்டு இடத்தில் தாண்டிப் போக வேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் கட்டை தராசுக் கோல் மாதிரி ஆடும். கயிறு இரும்பு விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு சாக்குத் துண்டை மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் புதுக் கயிறும் கொஞ்ச நாளில் அறுந்துவிடும். இன்னொன்று, பலர் செய்யாதது: புறப்பட்டு இரண்டு மூன்று வளைவு இறங்கியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். லொறி குலுங்கும்போது கட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி உட்காரும். மேலே இறுக்கமாக இருந்த கயிறு, கோவில் வளைவுக்கு வரும்போது தொளதொளவென்று கிடக்கும். கட்டாத லொறியைவிட இது மோசம், ஏனென்றால் கட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு பக்கத்தில் நடப்போம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் சில தோட்டங்களில் கம்பியில் கொழுந்து அனுப்புவார்கள். மலை உச்சியிலிருந்து பெக்டரிக்குக் கம்பி இழுத்து, கொக்கியில் சாக்கை மாட்டி விடுவார்கள். அந்தக் கம்பிக்குக் கீழே நடக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்துச் சுமைக்கு ஒரு கம்பிதான் பாதை, விலகி நடக்கலாம். இப்போது சுமை போகும் பாதையும் பிள்ளைகள் போகும் பாதையும் ஒன்றுதான்.

மணல் டிப்பரையும் பார்ப்போம். ஒரு கியூப் மணல் என்பது நூறு கன அடி. காய்ந்த மணல் என்றாலே நாலரை தொன் அளவுக்கு வரும். நனைந்தால் இன்னும் கூடும். நமது வீடமைப்பு வேலைகளுக்கு வரும் டிப்பர்களில் மணல் குவித்துக் கோபுரம் மாதிரி நிற்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர் கண்ணில் ஒரு சிட்டிகை மணல் விழுந்தால் போதும், அந்த வளைவில் அவருக்குக் கண் இரண்டும் இல்லை. மணல், கல் போன்றவற்றை ஏற்றிப் போக 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. நம் வீட்டுக்கு மணல் கொண்டுவரும் டிப்பரிடம் அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. கேட்கும்போது படங்கு எங்கே என்றும் கேட்கலாம். நம் வீடு கட்டும் மணல் என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

கொழுந்து லொறிக்கு வருவோம். அம்மாமார்களுக்கு இதில்தான் அதிக அக்கறை இருக்கும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை வரும். 18 கிலோ கொழுந்துப் பை ஒன்று ரோட்டில் விழுந்து நசுங்கினால் நான்கு கிலோ தேயிலை போச்சு. மடுவத்தில் ஒரு கிலோ இரண்டு கிலோவுக்கு நம்மோடு சண்டை பிடிக்கிறவர்கள், லொறியிலிருந்து வழியெல்லாம் சிந்துவதைப் பற்றிப் பேசுவதில்லை. மழைநாளில் தண்ணீருக்கென்று நம்முடைய நிறையில் கழிக்கிறார்கள். அதே கொழுந்து படங்கு இல்லாத லொறியில் பெக்டரி வரைக்கும் நனைந்துகொண்டு போகிறது. அந்தத் தண்ணீருக்கு யார் கழிப்பது? வெயில்நாளில் மேலே இருக்கும் பை வாடிப் போகிறது. அதே நேரம் படங்கைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடினாலும் ஆபத்து. பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும். மூடி அமுக்கி வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஆகவே கொழுந்துக்கு நிழலும் மறைப்பும் வேண்டும், காற்றும் வேண்டும். பைகளை அமுக்கி அடுக்கக் கூடாது. பைமேல் ஆள் ஏறி உட்காரக் கூடாது.

ஆள் ஏறி உட்காருவது என்று சொன்னதும் பாதிப்பேர் கீழே பார்க்கிறீர்கள். நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம். ஒளித்துப் பேசி என்ன பயன்? மலையில் வேலை முடிந்து மூன்று மைல் நடக்க வேண்டும், மழை வரப்போகிறது, பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறது. லொறி வந்து நின்று, "ஏறுங்க அக்கா" என்றால் யார்தான் ஏறமாட்டார்கள்? கொழுந்துப் பைமேல் இருபது பேர், உரமூட்டைமேல் பத்துப் பேர், டிரக்டர் பெட்டியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாலு பேர். சுமையைக் கட்டாவிட்டால் சுமை விழும். ஆளைக் கட்டவே முடியாது. மலையகத்தில் இப்படி லொறியும் டிரக்டரும் புரண்டு உயிர் போன செய்திகளை நாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மறுநாள் மறுபடியும் ஏறுகிறோம். ஏறாதே என்று தொழிலாளியிடம் சொல்வது சுலபம். தூர மலைக்கு ஆளைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஆசனம் உள்ள வாகனம் கொடு என்று நிர்வாகத்திடம் கேட்பதுதான் சங்கத்தின் வேலை. அதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் சொன்னால் நீங்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

இனி சட்டம். நம் நாட்டில் வாகனங்களுக்கு அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. ஏற்றிய சுமை ரோட்டில் போகும் மற்றவர்களுக்கு ஆபத்தாக இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. லொறிக்கு வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. பெரும்பாலான லொறிகளின் பக்கப் பலகையில் வெறும் லொறியின் நிறையும் சுமையோடு இருக்கக்கூடிய நிறையும் எழுதியிருக்கும். நாம் தினமும் பார்க்கிறோம், வாசிப்பதில்லை. அடுத்த தவணை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு அதில்தான் கொடுக்கப் போகிறோம்: பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி, வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம்.

ஒபீசில் எங்களிடம் ஒன்று சொன்னார்கள். "அது தோட்டத்து ரோடு, மெயின் ரோடு இல்லை" என்று. அப்படியென்றால் தோட்டத்து ரோட்டில் எலும்பு முறியாதா? அது இருக்கட்டும். எங்கள் கேள்வி வேறு. தோட்டத்து ரோடு அட்டன்–நுவரெலியா வீதியில் ஏறும் சந்தியில் எந்த லொறியாவது நிறுத்திக் கயிறு கட்டியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேலே எப்படி ஏற்றினார்களோ அப்படியே கீழே இறங்கி, அப்படியே பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் போகிறது.

இன்னொரு விசயத்தை இந்த இடத்தில் நிதானமாகச் சொல்ல வேண்டும். பையனின் குடும்பத்துக்கு அன்றைக்கே ஒருவர் வந்து கையில் கொஞ்சம் காசு கொடுத்து, "பொலிசுக்குப் போனா கோடு கச்சேரின்னு அலையணும், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கலாம்" என்றார். அவர்கள் வாங்கியும் விட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை என்றாலும் துணைக்கு நிற்பவருக்குச் சாப்பாடு வேண்டும், பஸ் காசு வேண்டும், போகாத நாளுக்குப் பேர் இல்லை. ஆனால் பொலிசில் முறைப்பாடு இல்லாவிட்டால் காப்புறுதி என்று கேட்கவே முடியாமல் போய்விடும். நாங்கள் பேசி, இரண்டாம் நாள் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க வைத்து, முறைப்பாடு போட வைத்தோம். அம்மாயி ஒரு வார்த்தை கேட்டார்: "திருப்பிக் கொடுத்தது பிழைச்சா நீங்க தருவீங்களா, தம்பி?" பதில் சொல்ல முடியவில்லை. கமிட்டி நிதியிலிருந்து பஸ் காசு கொடுத்தோம். காப்புறுதி இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. விடப் போவதில்லை.

அடிபட்டவர் தொழிலாளியாக இருந்தால் வேறு வழி உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டால் தொழில் கொடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். சம்பளத்தையும் காயத்தின் அளவையும் பார்த்துத் தொகை வரும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதன் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது. பலருக்கு இது தெரியாது. லொறியிலிருந்து விழுந்தவர் "நான்தானே ஏறினேன்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். வெட்கப்பட வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த லொறி, யார் ஏறச் சொன்னது, யார் பார்த்தது என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை விட்டு எழுதுங்கள். அதற்குத்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்.

இன்னொரு ஓட்டையையும் பாருங்கள். தொழிற்சாலைகளுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பெக்டரிக்குள் ரோலருக்குக் காவல் கம்பி இருக்கிறதா, பட்டிக்கு மறைப்பு இருக்கிறதா என்று பரிசோதகர் வந்து பார்க்கலாம். அதே பெக்டரிக்கு விறகு கொண்டுவரும் லொறி வாசலுக்கு வெளியே இருக்கும்வரை அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. ரோட்டில் பொலிஸ் பார்க்கலாம். மலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் யார் பார்ப்பது? நாம்தான்.

ஆகவே கமிட்டி எழுதியிருக்கும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு வாசித்துக் காட்டாமல் வாயால் சொல்கிறோம். முதலாவதும் பெரியதுமான கோரிக்கை, சுமை ஏற்றுகிறவர்களுக்குக் கயிறு கட்டும் நேரம், அவிழ்க்கும் நேரம், வழியில் நிறுத்தி இறுக்கும் நேரம் எல்லாம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். லோட் கணக்கு என்றால் லோட் காசில் அதைச் சேர்க்க வேண்டும். நாள் கணக்கு என்றால் இரண்டு லோட் போதும், மூன்றாவதை வற்புறுத்தக் கூடாது. ஒப்பந்தக்காரரோடு தோட்டம் எழுதும் பத்திரத்தில் கயிறு, படங்கு, பக்கப் பலகை, காப்புறுதி நான்கும் எழுதப்பட வேண்டும். அவை இல்லாத லொறிக்கு மலையில் சுமை ஏற்றப்படாது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் அரை மணித்தியாலமும் வரும் அரை மணித்தியாலமும் கோவில் வளைவில் சுமை லொறி இறங்கக் கூடாது. கடைசியில் சொன்னதற்கு ஒபீசில் உடனே தலையாட்டினார்கள், ஏனென்றால் அதற்குக் காசு செலவில்லை. முதலாவதைப் பற்றி இன்னும் பதில் இல்லை.

தம்பிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டாமல் லொறியை எடுக்கச் சொன்னால் நீங்கள் தனியாக மறுக்க வேண்டாம். தனியாக மறுத்தால் நாளைக்கு உங்கள் இடத்தில் வேறு ஆள் நிற்பார், அதுவும் நம்முடைய பக்கத்து லயத்துப் பிள்ளைதான். நாலு பேரும் சேர்ந்து நில்லுங்கள், தலைவருக்கு ஒரு போன் எடுங்கள். அன்றைக்கு இழந்த லோட் காசைப் பற்றிக் கமிட்டியில் பேசியிருக்கிறோம். பதில் வரும்வரை, அப்படி நின்ற நாளுக்கு நிதியிலிருந்து ஒரு பகுதி கொடுப்பது என்று முடிவு. நிதி பெரியதல்ல, அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்த மாதம் சந்தாவோடு பத்து ரூபா கூடக் கேட்கிறோம். முகத்தைச் சுளிக்க வேண்டாம், அம்மா.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் பாடசாலைக்குப் பின்னால் கயிறு கட்டிக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது. பழைய லொறி உதவியாளர்கள் இருவர் வந்து சொல்லித் தருவார்கள். ஒருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முடிச்சுப் போடும்போது மட்டும் கை நடுங்குவதில்லை. விறகுக்குப் பதிலாகப் பாடசாலை வாங்குகளை அடுக்கிக் கட்டுவோம். வீட்டில் பழைய கயிறு இருந்தால் கொண்டு வாருங்கள், எது இன்னும் தாங்கும், எதைக் கன்றுக்குட்டி கட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்வார்கள். அந்த ஆறாம் வகுப்புப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கயிற்றின் ஒரு முனையைத் தான் பிடிப்பேன் என்கிறான். லொறி மட்டும் வரக் கூடாதாம்.

மூன்று மணிக்குத் தொடங்குவோம். மழை என்றால் மண்டபத்துக்குள்.